எல்லாருக்கும் இருபது

நேற்று மத்தியானம் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வரும் பஸ்ஸில், இரண்டாவது சிப்காட் ஸ்டாப்பில் ஏறிய ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நீலச் சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை, ஷிப்ட் முடிந்த அலுப்பு. அவர் மீதிருந்து அந்த எண்ணெய் வாசனை வந்தது. செய்து முடித்த பாகங்கள் துருப்பிடிக்காமல் இருக்க மேலே தடவுவார்களே, அந்த எண்ணெய். எந்த சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் இருந்து போகாது என்று நீ அலுத்துக்கொள்ளும் அதே எண்ணெய்.

சூளகிரி தாண்டுவதற்குள் அவர் தூங்கிவிட்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அவருடைய மூச்சை எண்ண ஆரம்பித்தேன். ஒரு முழு நிமிடம். பதினாறு. சந்தேகமாக இருந்ததால் இன்னொரு நிமிடம். பதினாறுதான். அதற்குள் அவர் கண் விழித்து, தன் நெஞ்சையே முறைத்துக்கொண்டிருக்கும் ஒரு ஆளைப் பார்த்துவிட்டு, மடியில் இருந்த பையை இறுக்கிக்கொண்டார். பிக்பாக்கெட் என்று நினைத்திருப்பார். கிருஷ்ணகிரி வரும்வரை அவர் தூங்கவே இல்லை. ஒரு மனிதனின் தூக்கத்தைக் கெடுத்ததுதான் நேற்று நான் செய்த மருத்துவ சேவை.

நீ போய் ஆறு வருடம் ஆகிறது. இந்த ஆறு வருடமாக எனக்கு இதுதான் வியாதி. பஸ்ஸில், கல்யாண வீட்டில், சலூனில் என்று யார் சும்மா உட்கார்ந்திருந்தாலும் எண்ணுகிறேன். என் மனைவிக்கு இது பிடிக்காது. குழந்தை தூங்கும்போது பக்கத்தில் போகாதே என்கிறாள். அவளிடம் உன்னைப் பற்றிப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். எல்லோரிடமும் சொல்லும் பாதி. மீதியை உனக்கு எழுதுகிறேன், அது உனக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால்.

ஓசூர் ராயக்கோட்டை ரோட்டில் நம் அறை ஞாபகம் இருக்கிறதா? ஒரே வரிசையில் எட்டு அறை, எட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். நீ கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் இருந்து வந்தவன். பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். நான் கிருஷ்ணகிரிப் பக்கம் கல்லாவிக்காரன், முப்பது படுக்கை உள்ள ஒரு தனியார் நர்ஸிங் ஹோமில் ஆண் நர்ஸ். வார்டில் எங்களை 'பிரதர்' என்று கூப்பிடுவார்கள். நீ என்னை 'டாக்டரு' என்பாய், நான் உன்னை 'கேஜு' என்பேன். நீ பாகங்களை அளக்கும் கருவிக்கு அதுதான் பெயர். அது உனக்கு நன்றாகவே பொருந்தியது. எதைப் பார்த்தாலும் அளக்காமல் உன்னால் இருக்க முடியாது. அரிசிக்குத் தண்ணீர் வைப்பதற்குக்கூடக் குச்சியில் கோடு போட்டு வைத்திருந்தாய். தக்காளி மலிந்த மாதங்களில் தினமும் தக்காளி ரசம்தான். அதற்கும் உன்னிடம் ஒரு கணக்கு இருந்தது, எனக்கு அது ஒருநாளும் சரியாக வந்ததில்லை.

உன் கம்பெனியில் மணிக்கு ஒருமுறை ஐந்து பாகங்களை எடுத்து அளந்து தாளில் எழுத வேண்டும். பல பேர் ஷிப்ட் முடியும்போது மொத்தமாக உட்கார்ந்து, எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து நல்ல நல்ல எண்களாக எழுதிவிடுவார்கள். நீ அப்படி எழுதிய ஒருவனைப் பிடித்து, ஏற்றிய லாரியையே நிறுத்தினாய். மேனேஜர் உன்னைப் பாராட்டவில்லை. ஒரு மாதம் பெயின்ட் அடிக்கும் ஷாப்பில் தள்ளினார். அந்த மாதம் முழுவதும் தும்மிக்கொண்டே அறைக்கு வருவாய்.

"அளக்காம எழுதுதவன் கைய ஒடிக்கணும்ல" என்று சொல்வாய். "அந்த பிரேக்கு எவன் பைக்குல போயி மாட்டப் போவுதோ."

எனக்கு உன்னைப் பார்த்தால் சிரிப்பு வரும், கொஞ்சம் எரிச்சலும் வரும். ஒரு நாள் சாயந்திரம், நான் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டாய்: "ஏலே, ஒங்க ஆஸ்பத்திரியில என்னல்லாம் அளப்பீக?"

நான் பெருமையாகச் சொன்னேன். ஜுரம், நாடி, மூச்சு, பி.பி.

"மூச்ச எப்படி அளப்பீக?"

"நெஞ்சு ஏறி இறங்கறத எண்ணனும். ஒரு முழு நிமிஷம்."

"ஒவ்வொருத்தருக்கும் ஒரு நிமிசமா? நெறைய நேரம் ஆகுமே."

நான் சிரித்தேன். "அதுக்கெல்லாம் எங்கப்பா நேரம் இருக்குது? எல்லாருக்கும் இருபதுன்னு போட்டுடுவோம். ஊர் உலகத்துல எல்லா ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான். டாக்டரும் அதைப் பாக்க மாட்டாரு."

நீ சிரிக்கவில்லை. ரசம் கொதித்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவும்வரை நீ என்னோடு பேசவில்லை. நான் அதையும் உன் கிறுக்குத்தனங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டேன்.

உன் இடது உள்ளங்கையை வெட்டியது ஒரு தகடு. தகட்டை வெட்டும்போது விளிம்பில் கூரான பிசிறு நிற்கும், அதை நீங்கள் பர் என்பீர்கள். கையுறை போட்டால் பர் தட்டுப்படாது என்று வெறுங்கையால்தான் தடவிப் பார்ப்பாய். அன்று அது தட்டுப்பட்டது. கம்பெனி முதலுதவி அறையில் மருந்து வைத்துக் கட்டி, டி.டி. ஊசி போட்டு அனுப்பினார்கள். நீ அறைக்கு வந்து கையைக் காட்டினாய். நான் கேட்ட ஒரே கேள்வி, "டி.டி. போட்டாச்சா?" என்பதுதான். போட்டாச்சு என்றாய். "அப்ப விடு. இனிமே செப்டிக் ஆகாது" என்றேன்.

நம் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். டீக்கடைக்காரர் சொல்வார், கண்டக்டர் சொல்வார். அந்த ஊசி டெட்டனஸ் என்ற ஒரே ஒரு நோய்க்கானது, காயத்தில் சீழ் பிடிப்பதை அது தடுக்காது என்று நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். ஆனால் பரீட்சைத் தாளை விட்டு வெளியே வந்ததும் நானும் கண்டக்டர் மாதிரிதான் பேசினேன்.

மூன்றாம் நாள் கை வீங்கி, மணிக்கட்டு வரை சிவந்தது. நீ போர்வைக்குள் நடுங்கினாய். நான் வேலை பார்க்கும் இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தேன். நம்ம இடம், நாம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அன்று உனக்கு நூற்றி மூன்று ஜுரம். டிரிப்ஸ் ஏற்றினார்கள், இரண்டு ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். சீழ் கட்டியிருந்தால் பிறகு கிழித்து எடுக்கலாம் என்றார் டாக்டர்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் டியூட்டிக்கு வந்தபோது உனக்கு ஜுரம் இல்லை. தொண்ணூற்றி ஆறு சொச்சம். வார்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மூத்த சிஸ்டர் உன் தலைமாட்டில் நின்று, "தம்பிக்கு ஜுரம் விட்டுடுச்சு, இனி என்னா, நாளைக்கு வூட்டுக்குத்தான்" என்றார். நீயும் எழுந்து உட்கார்ந்து அரை டம்ளர் கஞ்சி குடித்தாய். தொட்டுப் பார்த்தபோது மட்டும் ஜில்லென்று இருந்தது. டிரிப்ஸ் ஏறும் கை ஜில்லென்றுதான் இருக்கும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஊசி ஏறிக்கொண்டிருந்தது வலது கையில். நான் தொட்டது உன் கால்.

எட்டு மணிக்கு நர்ஸ் மேசையில் உட்கார்ந்து பதினெட்டு பேருடைய சார்ட்டையும் எழுதினேன். ஜுரம் பார்த்து எழுதினேன். நாடி பிடித்து எழுதினேன், உனக்கு நூற்றிப் பத்து. பி.பி. பார்த்தேன், உனக்கு மேலே உள்ள எண் தொண்ணூறைத் தாண்டவில்லை. ஒல்லியான ஆள், எப்போதுமே குறைவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நீ நன்றாக இருந்தபோது ஒருநாளும் உனக்கு நான் பி.பி. பார்த்ததில்லை. மூச்சுக் கட்டத்தில் மேலிருந்து கீழாக இருபது, இருபது, இருபது என்று போட்டேன்.

உன் சார்ட்டைக் கட்டில் காலில் மாட்டும்போது நீ அதைக் கேட்டு வாங்கினாய். யாரும் கேட்டதில்லை, ஆனாலும் கொடுத்தேன். நீ அதை உன் கம்பெனித் தாளைப் பார்ப்பதுபோல விரலை வைத்துப் படித்தாய்.

"என் மூச்ச யாருல எண்ணுனது?"

நான் அடுத்த சார்ட்டை எடுத்தேன்.

"நேத்து நாலு மணிக்கும் இருபது, எட்டு மணிக்கும் இருபது, இப்பவும் இருபது. மெசினு செஞ்ச பாகங்கூட இப்படி ஒரே மாதிரி வராதுல. எந்த கேஜ வச்சு அளந்த?"

அடுத்த கட்டில்காரர் சிரித்தார். மூத்த சிஸ்டரும் சிரித்துவிட்டு, "என்னாப்பா பிரதர், உன் ஃப்ரெண்டு நமக்கே இன்ஸ்பெக்ஷன் வச்சுட்டாரு" என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. இத்தனை பேருக்கு முன்னால் நீ என் வேலையைக் கேவலப்படுத்திவிட்டதாக நினைத்தேன்.

"இது உங்க கம்பெனி இல்ல. பதினெட்டு பேஷண்ட் இருக்காங்க எனக்கு. பேசாம படு."

"ஒரு நிமிசந்தானல?"

"படுன்னு சொல்றன் இல்ல?"

நீ படுக்கவில்லை. முதுகுக்குத் தலையணையை வைத்துச் சாய்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டாய்: "லிமிட்டு எவ்வளவு? அதையாவது சொல்லு."

"பன்னெண்டுல இருந்து இருபது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். திரும்பிப் பார்த்தபோது நீ சட்டைப் பையில் இருந்து உன் குறிப்பு நோட்டை எடுத்துக்கொண்டிருந்தாய். எதிர்ச் சுவரில் கடிகாரம். உன் வாய் முணுமுணுத்தது. என்னைக் கிண்டல் செய்கிறாய் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக வேறு எதுவும் தோன்றவில்லை.

பதினோரு மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். சார்ட்டைப் பார்த்தார். ஜுரம் இல்லை, மூச்சு இருபது. "ஆன்டிபயாடிக் வேலை செய்யுது. இதையே கண்டினியூ பண்ணுங்க. கையை நாளைக்குக் கிழிச்சு விட்டுடலாம்" என்றார். அவர் நகரும்போது நீ கூப்பிட்டாய்.

"சார், மூச்சு முப்பது இருக்கு சார். நான் எண்ணுனேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார்.

இங்கேதான் நான் உன்னைக் கொன்றேன். தகடு இல்லை, கிருமி இல்லை. நான் சிரித்துக்கொண்டே, "டென்ஷன் பார்ட்டி சார். இவரு எப்பவுமே கொஞ்சம் அப்படித்தான்" என்றேன். டாக்டரும் சிரித்தார். உன் தோளில் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அந்த மனுஷன் மோசமானவர் இல்லை. அவர் ஒரு தாளை நம்பினார். தாள் என் கையெழுத்தில் இருந்தது.

நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். லாரியை நிறுத்திய அன்று மேனேஜரைப் பற்றிச் சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்ததோ அப்படித்தான் இருந்தது. இவனும் இவ்வளவுதானா என்கிற முகம். பிறகு கடிகாரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

பன்னிரண்டு மணிச் சார்ட்டிலும் உனக்கு இருபதுதான் போட்டேன். இந்த முறை வீம்புக்காகப் போட்டேன். காலையில் இருந்து நீ சிறுநீர் கழிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த பாட்டில் காலியாகவே இருந்தது. அதையும் பார்த்தேன்.

ஒன்றரை மணி வாக்கில் உன் கட்டில் பக்கம் வந்தேன். நீ கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "மெசினு லைனு நின்னுட்டா? சத்தமே காணோமே" என்றாய். எப்போதும் போடும் நக்கல் என்று நினைத்து, "ஆமாண்டா, கரண்டு இல்ல, தூங்கு" என்றேன். நீ "சரி சார்" என்றாய். ஐந்து வருடத்தில் ஒருநாளும் நீ என்னை சார் என்று சொன்னதில்லை. அதுகூட எனக்கு உறைக்கவில்லை. 'நல்லாப் பேசுறான்' என்று அடுத்து வந்த நர்ஸிடம் சொல்லிவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்பினேன்.

அறைக்குப் போய்ச் சட்டை மாற்றி, உனக்கு ரசம் வைத்தேன். உன் கணக்குப்படி வைக்கப் பார்த்தேன், வரவில்லை. கொஞ்சம் கண் அயர்ந்தேன். தூக்குச் சட்டியோடு நான் திரும்பி வந்தபோது மணி நான்கு. நீ தூங்குவதாக அந்த நர்ஸ் சொன்னாள். நீ தூங்கவில்லை. உதடு கறுத்து, முழங்கால் வரை ஜில்லிட்டு, நெஞ்சு ஓடிவந்த ஆளுடையதுபோல் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பி.பி. கிடைக்கவே இல்லை. அப்புறம் எல்லோரும் ஓடினோம். காலையில் ஓடவேண்டிய ஓட்டம் எல்லாம் நான்கு மணிக்கு ஓடினோம்.

பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொன்னார் டாக்டர். கேஸ் ஷீட்டில், 'நான்கு மணிக்குத் திடீரென நிலைமை மோசமடைந்தது' என்று எழுதினார்கள். அத்திப்பள்ளி செக்போஸ்டில் லாரி வரிசை ஜூஜூவாடி வரை நின்றது. சைரனைக் கேட்டு விலக அங்கே இடமே இல்லை. ஆம்புலன்ஸுக்குள் உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் வாழ்க்கையில் முதன்முதலாக, ஒரு முழு நிமிடம், உன் மூச்சை எண்ணினேன். நாற்பத்து நான்கு.

அங்கே கேஷுவாலிட்டியில் இருந்தவர் சின்ன வயது டாக்டர், கன்னடக்காரர். தடுமாறித் தடுமாறித் தமிழ் பேசினார். அவரும் கூட இருந்தவர்களும் நான்கைந்து நிமிடத்தில் உன் வலது கையில் இரண்டு இடத்தில் ஊசி ஏற்றி, பெரிய மருந்துகளைத் தொடங்கி, உள்ளங்கையைக் கிழித்துவிட ஆள் கூப்பிட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர் நம் சார்ட்டைப் புரட்டினார்.

"நேத்து இருபது, காலைல இருபது, பன்னெண்டுக்கு இருபது. இப்ப நாப்பத்தி நாலா? இது ஆகாது. உடம்பு இப்படி ஜம்ப் பண்ணாது" என்றார். "ஜுரம் இறங்கினது நல்லதுக்கு இல்ல. உடம்புக்குச் சண்டை போட முடியல, அதனால இறங்கிச்சு. அப்ப மூச்சுதான் முதல்ல சொல்லும். காலைல யாராவது ஒரு நிமிஷம் எண்ணி இருந்தா காலைலயே இங்க வந்திருப்பாங்க." பிறகு தாளை என் முன்னால் நீட்டினார். "யார் எழுதினது இது?"

நான் பேன்ட் சட்டையில் இருந்தேன். என் யூனிஃபார்ம் நம் அறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"தெரியாது சார்" என்றேன். "நான் பேஷண்ட்டோட ரூம்மேட்."

இரண்டு நாள் இருந்தாய். கண் திறக்கவில்லை. சிறுநீரகம் நின்றது, பிறகு ஒவ்வொன்றாக நின்றது. வியாழக்கிழமை மத்தியானம் எல்லாம் முடிந்தது. அதற்கு முன், பக்கத்து வீட்டு போன் மூலம் தகவல் போய், உன் அம்மாவும் மாமாவும் ரயில் பிடித்து வந்து சேர்ந்தபோது உனக்கு மூச்சு மெஷினில் போய்க்கொண்டிருந்தது. மெஷின் சரியாக எண்ணி வைத்து ஊதியது. நிமிடத்துக்கு இருபது. இதை நான் உனக்காக ஜோடிக்கவில்லை, அந்தத் திரையில் அப்படித்தான் இருந்தது.

உன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஏய்யா, நீ பக்கத்துலயேதான இருந்த? எம்புள்ளைக்கு என்னய்யா ஆச்சு?"

"திடீர்னு ஆயிடுச்சும்மா" என்றேன்.

"நீ பக்கத்துல இருந்தயே, அது ஒண்ணுதான்யா எனக்கு ஆறுதலு" என்றார் அந்த அம்மா. இப்போதும் பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்கிறார். என் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். பனங்கருப்பட்டி அனுப்புகிறார். நான் அதைச் சாப்பிடுவதில்லை, யாருக்காவது கொடுத்துவிடுகிறேன்.

உன் சாமான்களைக் கட்டிக் கொடுத்தது நான்தான். டிரங்குப் பெட்டி, இரண்டு யூனிஃபார்ம், கைக்கடிகாரம், அரிசிக்குத் தண்ணீர் அளக்கும் குச்சி. குச்சியைப் பார்த்து மாமா இது என்ன என்று கேட்டார். நீ கடைசியாகப் போட்டிருந்த சட்டையை மடிக்கும்போது பையில் அந்த நோட்டுத் தட்டுப்பட்டது. உன் அம்மா இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். நான் அதை எடுத்து என் பேன்ட் பையில் போட்டுக்கொண்டேன். அது அவருக்குச் சேரவேண்டியது. கொடுத்தால் யாராவது படித்துக் காட்டுவார்கள் என்று பயந்தேன்.

மறுவாரம் டியூட்டிக்குப் போய், பதினெட்டு பேருக்கும் எண்ணினேன். இடையில் கூப்பிடுகிறவர்களுக்கு ஓடியதோடு சேர்த்து முக்கால் மணி நேரம் ஆனது. "என்னாப்பா, இன்னும் சார்ட் முடியலையா?" என்று சிஸ்டர் சத்தம் போட்டார். இரண்டாம் வாரம், பார்த்தாலே மோசமாகத் தெரிந்தவர்களுக்கு மட்டும் எண்ணினேன். மூன்றாம் வாரம் ஒருநாள் காலை என் கை தானாக மேலிருந்து கீழாக இருபது, இருபது என்று எழுதிக்கொண்டு போனது. பாதியில் கண்ணில் பட்டதும் கழிவறைக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டுக் கிருஷ்ணகிரிக்கு வந்தேன். அதற்குப் பிறகு எண்ணாமல் எழுதியதில்லை. இதை நான் திருந்திய கதையாக எடுத்துக்கொள்ளாதே. நீ செத்தும்கூட எனக்கு மூன்று வாரம்தான் தாக்குப்பிடித்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

இங்கே வார்டில் எனக்கு நல்ல பெயர். மூச்சு ஏறுகிறது, பேச்சு குழறுகிறது, கை கால் ஜில்லிடுகிறது, சிறுநீர் குறைகிறது என்றால் ஜுரம் இல்லாவிட்டாலும் டாக்டரைத் தூக்கத்தில் இருந்துகூட எழுப்பிவிடுவேன். சிலர் பிழைத்திருக்கிறார்கள். போகும்போது கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். எனக்கு அப்போது உன் முகம்தான் வரும், பதினோரு மணி முகம். உண்மையிலேயே யாருக்காவது மூச்சு இருபது வந்துவிட்டால் என்னால் அதை எழுத முடிவதில்லை. மறுபடி எண்ணுகிறேன். மறுபடியும் இருபது வந்தால், பக்கத்தில் இருப்பவரை எண்ணச் சொல்லி அவர் கையால் எழுத வைக்கிறேன்.

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. நேற்று பஸ்ஸில் இருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். இன்னும் அந்த எண்ணெய் வாசனை. கடைசியாக எழுதிய பக்கத்தில், மருந்து அட்டை விளிம்பை வைத்து நேராகக் கோடு போட்டிருக்கிறாய். மேல் எல்லை இருபது. எட்டரைக்கு இருபத்தாறு. ஒன்பதுக்கும் இருபத்தாறு. பத்துக்கு இருபத்தெட்டு. பதினொன்றுக்கு முப்பது, பக்கத்தில் 'டாக்டரிடம் சொல்லியாச்சு' என்று ஒரு குறிப்பு. நான் வீம்புக்கு இருபது போட்ட பன்னிரண்டு மணிக்கு முப்பத்திரண்டு. ஒரு மணிக்கு முப்பத்தாறு, அங்கே உன் எழுத்து சரியத் தொடங்குகிறது. ஒன்றரை என்று நேரம் மட்டும் இருக்கிறது, எண் இல்லை. திடீர் என்று எங்குமே இல்லை. ஐந்து மணி நேரம், மணிக்கு ஒருமுறை, நீ எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாய்.

உன் கம்பெனித் தாளில் இருப்பதுபோல ஓரத்தில் இரண்டு கட்டம் போட்டிருக்கிறாய். அளந்தவர் கையெழுத்து ஒன்று, சரிபார்த்தவர் கையெழுத்து ஒன்று. முதல் கட்டத்தில் ஒவ்வொரு வரியிலும் உன் இனிஷியல். இரண்டாவது கட்டத்தின் தலைப்பில் என் பெயரை எழுதி வைத்திருக்கிறாய். அன்று பதினோரு மணிக்குப் பிறகும் நீ அதை அடிக்கவில்லை. நான் வந்து ஒரு நிமிடம் எண்ணிப் போடுவேன் என்று இடம் விட்டு வைத்திருக்கிறாய்.

ஆறு வருடத்தில் எத்தனையோ முறை பேனாவைத் திறந்து அந்தக் கட்டத்தின் மேல் பிடித்திருக்கிறேன். போட முடியாது. எண்ணாதவன் எண்ணியதாகக் கையெழுத்துப் போடக்கூடாது.